குப்பையை எடை போட்ட படிப்பு

சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயில் மண்டபத்தில் ஒரு கல்யாணச் சாப்பாடு. 2016. எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியாகி இரண்டு வாரம் ஆகியிருந்தது. ரசம் வரும் நேரம் பார்த்து எதிர் இலையிலிருந்து மாமா கேட்டார்.

“என்னம்மா எடுத்திருக்கே?”

“சுற்றுச்சூழல் படிப்பு மாமா.”

“அது சயின்ஸா, ஆர்ட்ஸா?”

“ரெண்டும்.”

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. ரசத்தை இலையில் ஓடவிடாமல் சோற்றால் அணைகட்டிக்கொண்டே சொன்னார்: “உங்க தாத்தா முப்பது வருஷம் ரோடு கூட்டினாரு. நீ டிகிரி வாங்கிட்டுக் கூட்டப் போறியா?”

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்பா மட்டும் அப்பளத்தைத் தேவைக்கு மேல் பொடியாக நொறுக்கிக்கொண்டிருந்தார்.

மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். பாதி கேலி என்றால் பாதி கவலை. மருத்துவம், சட்டம், பொறியியல், கணக்கியல் என்று ஏதாவது சொல்லியிருந்தால் நாலு வருஷம் கழித்து நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ‘ரெண்டும்’ என்பதற்கு நாற்காலி இல்லை. படித்து முடித்து ஆறு வருஷம் ஆகப்போகிறது. இப்போதும் அக்கம்பக்கத்தில் ஏ லெவல் எழுதிய பிள்ளை இருந்தால், “அக்கா, அதை எடுக்கலாமா?” என்று கேட்க வந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில் சொல்கிறேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று.

மரம், செடி, பறவை என்று உருகும் ஆள் இல்லை நான். என்னை இந்தப் பக்கம் இழுத்து வந்தது புகை, பக்கத்து இந்தோனேசியாவில் எரிவதிலிருந்து எங்கள் ஊர்வரை வந்து மூடும் புகை. 2013 ஜூன், உயர்நிலை நான்கு, பள்ளி விடுமுறை. 21ஆம் தேதி காற்றுத் தரக் குறியீடு 401 என்று காட்டியது. எதிர் அடுக்குமாடி புளோக் தெரியவில்லை. பாட்டி பழைய புடவையை நனைத்துச் சுருட்டி வாசல்கதவின் அடியில் அடைத்தார். மருந்துக்கடையில் என்95 முகக்கவசம் தீர்ந்துபோய், அப்பா மூன்று வட்டாரம் அலைந்து ஒரு பெட்டி வாங்கிவந்தார்.

யார் எரிக்கிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். சுமத்ராவில் விவசாயி எரிக்கிறான் என்றார் ஒருவர். பாமாயிலுக்குச் செம்பனை போடும் கம்பெனி என்றார் இன்னொருவர். ‘அவங்க அரசாங்கம் சரியில்லை’ என்றார் டாக்சிக்காரர். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் சரி என்பது பிற்பாடு தெரிந்தது. அங்கே எரிவது வெறும் மரம் இல்லை, பீட் எனப்படும் சதுப்பு மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காமல் தண்ணீரில் ஊறிக்கிடந்த இலைதழை அது. செம்பனைக்கும் காகித மரத்துக்கும் வாய்க்கால் வெட்டி நீரை வடித்ததும் அடுப்புக்கரி மாதிரி காய்ந்துவிடுகிறது. தீ மண்ணுக்கு அடியில் இறங்கினால், நல்ல மழை கொட்டினால்தான் அணையும். சிங்கப்பூர் 2014இல் எல்லை தாண்டும் புகைக்கு ஒரு சட்டமே போட்டது. வெளிநாட்டில் தீ வைக்கும் நிறுவனத்துக்கும் இங்கே அபராதம், நாளொன்றுக்கு 100,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை. படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் கேள்விகள்: அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வரைபடம் யாரிடம் இருக்கிறது? இன்னொரு நாட்டு மண்ணில் நடந்ததற்கு இங்கே சாட்சி எப்படிக் கொண்டுவருவது? மண்ணில் தொடங்கிய விஷயம் சட்டத்தில் போய் நின்றது. இதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று தொடக்கக்கல்லூரியில் கேட்டபோது, புவியியல் ஆசிரியை சிரித்துவிட்டு ஒரு விண்ணப்பத் தாளைக் கொடுத்தார்.

இங்கே இந்தப் படிப்பு எங்கே இருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2011இல் இதைத் தனிப் பட்டமாகத் தொடங்கியது. அறிவியல் புலமும் கலை, சமூக அறிவியல் புலமும் சேர்ந்து நடத்தின. உயிரியல் பக்கம், புவியியல் பக்கம் என்று இரண்டு கிளை. யேல்-என்யுஎஸ் கல்லூரியிலும் இது ஒரு முதன்மைப் பாடமாக இருந்தது. அந்தக் கல்லூரியே 2025இல் மூடப்பட்டுவிட்டது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆசியச் சுற்றுச்சூழல் பள்ளி இருக்கிறது. அங்கே எரிமலை, நிலநடுக்கம், கடல்மட்டம் என்று பூமி அறிவியல் வாடை தூக்கல். நான் படித்த இடம் எது என்று சொல்லப்போவதில்லை. கொஞ்சம் குறை சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் குறை இதோ. முதல் இரண்டு ஆண்டும் நாசி பாடாங் கடை மாதிரிதான். ஒரே தட்டில் சூழலியல், பொருளியல், வேதியியல், சட்டம், பொதுச் சுகாதாரம் என்று கரண்டி கரண்டியாக வைப்பார்கள். பிசைந்து சாப்பிடுவது நம் பாடு. பொருளியல் ஆசிரியருக்கு உயிரியல் வகுப்பில் என்ன நடக்கிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்ததாகத் தெரியவில்லை. பல துறை என்று அட்டையில் அச்சடித்திருந்ததே தவிர, துறைகள் ஒன்றோடொன்று பேசியது மாணவர்களின் கோப்பிக் கடை மேசையில்தான்.

எனக்கு அது பிடிபட்டது மூன்றாம் ஆண்டில், குப்பையால்.

குழு வேலை. நாலு பேர். வெய் லிங் உயிரியல் ஆள். ஃபாரிஸ் பொருளியல். பொறியியலிலிருந்து ஒரு பாடம் மட்டும் எடுக்க வந்திருந்த இன்னொருவன், எல்லோருக்கும் அவன் ‘பொறியாளர்’தான். புவியியல் பக்கம் நான். (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) நாலு வீட்டுக் குப்பையை ஏழு நாள் எடை போட்டு, அது எங்கே போகிறது என்று எழுத வேண்டும். எடை போட எங்கள் வீட்டில் ஒரே ஒரு தராசுதான் இருந்தது: திருச்சிக்குப் போகும்போது முப்பது கிலோவைத் தாண்டாமல் பார்க்கப் பெட்டியைத் தூக்கி நிறுக்கும் கொக்கித் தராசு. அதில் குப்பைப் பையை மாட்டியதும் பாட்டி பதறிவிட்டார். “ஊருக்குப் போற தராசுடி அது!”

யீஷூனில் எங்கள் புளோக் பழையது. சமையலறைச் சுவரிலேயே குப்பை போடும் குழாயின் வாய் இருக்கிறது. 1989க்குப் பிறகு கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் தளத்துக்கு ஒரு பொதுக் குழாய்தான், எங்களுக்கு வீட்டுக்குள்ளேயே. கதவைத் திறந்து பையைத் தள்ளினால் ‘தொம்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், நமக்கும் அதற்கும் உறவு முடிந்தது. எடை போட ஆரம்பித்த பிறகுதான் பையைப் பார்த்தேன். சுரைக்காய்த் தோல், மீன் செதிள், கறிவேப்பிலைக் காம்பு, தேங்காய்ச் சிரட்டை, வடிகட்டிய தேயிலை, மூன்று பொட்டலத்து ரப்பர் வளையம். முதல் மூன்று நாளும் ஒன்றரைக் கிலோவுக்குக் குறையவில்லை. வியாழக்கிழமை பூஜ்யம். பை காலி.

பாட்டியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “நம்ம வீட்டுக் குப்பையை ஊரான் வீட்டுப் பிள்ளைங்க கணக்குப் பார்க்கணுமா? காலையிலேயே தள்ளிட்டேன்” என்றார். வெள்ளிக்கிழமை பையில் இருந்ததைப் பார்த்தால், மீன் செதிளைக்கூடக் கழுவிப் போட்டிருந்தார்.

இதைக் குழுவில் சொன்னேன். ஃபாரிஸ், “வியாழக்கிழமையைத் தூக்கிடலாம், அது பிழை” என்றான். வெய் லிங், “நாலு வீடு, ஒரு வாரம், இதை வெச்சு எதையுமே சொல்ல முடியாது” என்றாள். பொறியாளர், “குழாயிலேயே எடைக்கருவி பொருத்திட்டா இந்தத் தொல்லையே இல்லை” என்றான். எனக்கென்னவோ அந்தப் பூஜ்யம்தான் அந்த வாரத்தில் கிடைத்த ஒரே நல்ல தகவல் என்று பட்டது. குப்பை என்பது எடை மட்டுமா? மானமும் இருக்கிறதே. வீட்டுக்கு வெளியே அது தெரிய வேண்டி வந்தால் மனிதர் என்ன செய்வார் என்பதைப் பாட்டி ஒரே நாளில் காட்டிவிட்டார்.

இரவு பதினொன்றரை வரை சண்டை. ஃபாரிஸ் பக்கமும் நியாயம் இருந்தது. வீவக வீட்டுக்குக் குப்பைக் கட்டணம் மாதம் 10 வெள்ளியை ஒட்டித்தான். ஒரு பை போட்டாலும் ஐம்பது பை போட்டாலும் அதே காசு. கூடுதலாகப் போடும் பைக்கு விலையே இல்லாதபோது யார் குறைப்பார்கள்? தென்கொரியா 1995லிருந்து பைக்கு இவ்வளவு என்று வாங்குகிறது, இங்கேயும் வாங்கலாம் என்றான். “குழாய்க்குள்ள யார் பை எதுன்னு எப்படித் தெரியும்?” என்றேன். பொறியாளர் மறுபடியும் கருவியை ஆரம்பித்தான்.

மறுநாள் நான் கீழே இறங்கி, குழாயின் அடியில் தொட்டியை இழுக்கும் அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒன்பது வருஷமாக இங்கே, புதுக்கோட்டைப் பக்கம். எங்கள் கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் இருந்தது, அதை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். “சீனப் புத்தாண்டுக்கு முந்தின வாரமும் தீபாவளிக்கு முந்தின வாரமும்தான் தங்கச்சி முதுகு போயிடும். மத்தபடி எடையைவிடக் கஷ்டம், பையைக் கட்டாம போடுறது. சோறும் குழம்பும் குழாய் பூரா ஒட்டிக்கிட்டுக் கரப்பான் வந்துடும்” என்றார். எங்கள் நாலு பேரின் திட்டத்திலும் பையைக் கட்டுவது பற்றி ஒரு வரி இல்லை. தாத்தா இருந்திருந்தால் முதல் வரியே அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அதன் பிறகு செமாக்காவ், ஊர்க் குப்பையின் சாம்பலைக் கொட்டும் தீவு. எங்கள் பை, லாரியில் எரியூட்டும் ஆலைக்குப் போகிறது. அங்கே எரித்ததும் கன அளவில் பத்தில் ஒரு பங்காகிறது. மின்சாரம் கொஞ்சம் கிடைக்கிறது. சாம்பல் துவாஸிலிருந்து படகில் கடலைத் தாண்டுகிறது. லோரோங் ஹாலுஸ் குப்பைமேட்டை மூடிய 1999லேயே செமாக்காவ் திறக்கப்பட்டது. கடலில் 7 கிலோமீட்டர் கல் அணை கட்டி, உள்பக்கம் நீர் கசியாத விரிப்பு போட்டு, அதற்குள் சாம்பலைக் கொட்டுகிறார்கள். நாற்றம் இல்லை. ஈ இல்லை. பக்கத்திலேயே மறுபடி நட்டு வளர்த்த கண்டல் (மாங்குரோவ்) மரங்கள். இப்படியே போனால் 2035வாக்கில் நிரம்பிவிடும் என்கிறது அரசாங்கக் கணக்கு.

பொறியாளர் கண் கலங்காத குறை. உண்மையிலேயே அபாரமான வேலைதான். வெய் லிங் கண்டல் நாற்று எத்தனை பிழைத்தது என்று எண்ணத் தொடங்கிவிட்டாள். எனக்கு மட்டும் அதற்கு முந்தின வாரம் நூலகத்தில் பார்த்த பழைய வரைபடம் நினைவில் நின்றது. அந்த அணைக்குள் அகப்பட்டதில் புலாவ் சாக்கெங் என்று ஒரு சின்னத் தீவும் உண்டு. மலாய் மீனவர் ஊர். கடலுக்குள் கால் ஊன்றிய வீடுகள். 1990களின் முற்பகுதியில் அவர்களைப் பெருந்தீவின் அடுக்குமாடிகளுக்கு மாற்றிவிட்டார்கள். என் பாட்டி வீட்டு மீன் செதிளின் சாம்பல் அவர்கள் தோணி கட்டிய இடத்தில் கிடக்கிறது. இதை எழுதும்போது குற்றவுணர்ச்சி என்று சொல்ல வரவில்லை. அந்தச் சாம்பலைக் கொட்ட வேறு இடமும் இந்த ஊரில் இல்லை. ஆனால் அறிக்கையில் அது இருக்க வேண்டும் என்றேன். ‘தலைப்புக்கு வெளியே’ என்றான் ஃபாரிஸ். பின்னிணைப்பில் போய்ச் சேர்ந்தது. பூஜ்யமும் அதே பின்னிணைப்பில்.

சரி, மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். புள்ளியியல் எனக்குப் போதாது. அது கட்டாயமாக இருந்த அளவு ரொம்பக் குறைவு, நானும் தப்பித்தால் போதும் என்று இருந்துவிட்டேன். இன்று நிறுவனங்களின் கரிம வெளியேற்றத்தைக் கணக்கிடும் இடத்தில் வேலை பார்க்கிறேன். கரிம வரி 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாக இருந்தது, 2024இல் 25, 2026இல் 45. ஐந்து வெள்ளியாக இருந்தபோது யாரும் கவனிக்காத ஒரு கமா, இப்போது கூட்டம் போட்டுப் பேசும் பணம். அந்தக் கூட்டங்களில் எண்ணைத் தயாரித்தவரிடம் கேட்கத் தெரிகிறது, எண்ணை நானே தயாரிக்கச் சில சமயம் திணறுகிறேன். நேர்முகத் தேர்வுகளிலும் மாமாவின் கேள்விதான் வந்தது. “நீங்கள் அறிவியல் பட்டதாரியா, கலைப் பட்டதாரியா? இந்தப் படிவத்தில் இரண்டு கட்டம்தான் இருக்கிறது.”

இன்னொன்றும் உண்டு. பல துறை படித்தவர்களுக்கு எல்லாம் தெரியும் என்ற ஒரு மிதப்பு வந்துவிடும். எனக்கும் வந்தது. ஓர் ஆற்றின் நீரைப் பற்றி நீரியல் ஆளிடம் பேசும்போது சட்டத்தைச் சொல்லி மடக்குவது, சட்டக்காரரிடம் மீனைச் சொல்லி மடக்குவது. இது கெட்டிக்காரத்தனம் இல்லை, நழுவல். வெய் லிங்கைப் போல ஒரே சேற்றில் நாலு வருஷம் நின்று ஒரே நண்டைப் பார்த்தவர்கள் பக்கத்தில் இருந்தால்தான் என் மாதிரி ஆள் எதற்காவது உதவும். (ஐந்திணையைக் காட்டி ‘தமிழன் அன்றைக்கே பல துறை படித்தான்’ என்று ஒரு நண்பர் ஒவ்வொரு பொங்கலுக்கும் செய்தி அனுப்புவார். நிலம், பொழுது, பறவை, தொழில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டியது பெரிய விஷயம்தான். ஆனால் அதைச் சொல்லி எனக்கு யாரும் வேலை தரவில்லை.)

கடைசி ஆண்டு, 2020 பிப்ரவரி. சுங்கை பூலோவில் கள வகுப்பு. பறவை பார்ப்பவர்கள் 1986இல் கேட்டுக்கேட்டு, 1993இல் பூங்காவாகத் திறந்து, 2002இல் இயற்கை வனப்பகுதியான சதுப்பு அது. கடல் வற்றம் எத்தனை மணிக்கு என்று அட்டவணை பார்த்துத்தான் போனோம். ஆனாலும் என் இடது பூட்ஸ் சேற்றிலேயே நின்றுவிட்டது, நான் மட்டும் வெளியே வந்தேன். ஒரு காலில் காலுறையோடு நின்றுகொண்டிருந்தபோது, பிடிமானத்துக்கு ஒரு கிளையைப் பிடிக்கப் போனேன். வழிகாட்டி சத்தம் போட்டார். “அதைத் தொடாதே!”

சாதாரண மரம். உயரமும் அதிகம் இல்லை. சின்னச் சின்ன இலை, உதிரப்போகும் இலைகள் மட்டும் ஆரஞ்சுச் சிவப்பு. இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வரும், அது கண்ணில் பட்டால் பார்வை கொஞ்ச நாளைக்குப் போய்விடும் என்றார். எக்ஸ்கோகேரியா அகலோச்சா. மலாயில் புத்தா-புத்தா. புத்தா என்றால் குருடு. எழுதிக்கொண்டேன்.

ஏப்ரல் 7ஆம் தேதி ஊரே முடங்கியது. கள அறிக்கையைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுத வேண்டியதாயிற்று. பாட்டி எதிரில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மடிக்கணினியில் படத்தைப் பார்த்துவிட்டு, “இது எங்க எடுத்தது?” என்றார்.

“இங்கதான் பாட்டி. கிராஞ்சி பக்கம்.”

“இது தில்லைடி.”

பாட்டிக்குக் கிள்ளை. பிச்சாவரத்துக் காட்டுக்குப் பக்கத்து ஊர். கல்யாணமாகிக் கப்பலேறும் வரை அங்கேதான். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே இந்த மரத்தால்தான் என்று எனக்குத் தெரியும். பாட்டு வகுப்பில் எத்தனையோ முறை ‘தில்லை’ என்று பாடியிருக்கிறேன். அது பால் வடியும், கண்ணைப் பறிக்கும், சேற்றில் நிற்கும் மரம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பாட்டி கீரைக் காம்பால் திரையைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். விறகு வெட்டப் போகும் ஆட்கள் இந்த மரத்தைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவார்களாம். தம்பி ஒருவனுக்குப் பால் தெறித்து, மூன்று நாள் கண்ணைத் திறக்காமல் கிடந்தானாம். தாய்ப்பால் விட்டுக் கழுவினார்களாம். அறுபது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் இருந்திருக்கிறார், இங்கேயும் அந்த மரம் நிற்கும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சுங்கை பூலோவுக்கு எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம்.

அறிக்கையில் ‘உள்ளூர்ப் பெயர்’ என்று ஒரு கட்டம் உண்டு. புத்தா-புத்தா என்று எழுதி, பக்கத்தில் தில்லை என்றும் எழுதினேன். ஆதாரம் கேட்கும் கட்டத்தில் வெய் லிங் சொல்லிக்கொடுத்தபடி, ‘பாட்டி, நேரில் சொன்னது’ என்று போட்டேன். இரண்டு வாரம் கழித்துத் திருத்தி வந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

பாட்டியிடம் காட்டினேன்.

“மார்க்கு குறைச்சுட்டாங்களா?”

“இல்ல பாட்டி.”

“பின்ன எதுக்குக் கொக்கி போட்டிருக்காங்க? என்னை வந்து கேட்கச் சொல்லு” என்று சொல்லிவிட்டு, ஆய்ந்த காம்புகளை ஒரு பையில் அள்ளினார். வாயை இரண்டு முடிச்சாகக் கட்டி, குழாயில் தள்ளினார்.